மண்வெட்டியும் மடையானும்

சார், வணக்கம். சென்ற வாரம் நீங்கள் எழுதிய அந்தக் குடும்பப் படத்தை நானும் பார்த்தேன். அப்பா நிலத்தை விற்கிற கட்டத்தில் காய்ந்துபோன காவிரியைக் காட்டியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீங்களோ 'மண்டையில் அடித்துச் சொல்கிறார்கள்' என்கிறீர்கள். சங்கப் பாட்டில் உள்ளுறை, அதாவது இயற்கைக் காட்சிக்குள் ஒளித்துவைத்த பொருள், வந்தால் ரசிக்கிறீர்கள், சினிமாவில் வந்தால் குற்றமா?
ஒரு வாசகர், மன்னார்குடி

வணக்கம். குறியீடே கூடாது என்று நான் எழுதவில்லை. ஆனால் அந்த ஆறு எத்தனை தடவை வந்தது? நிலம் போனதும், மகன் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனதும், அம்மா படுக்கையில் விழுந்ததும், ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு புல்லாங்குழல். நம்மூர்க்காரருக்கு அதைப் பார்த்தால் என்ன தோன்றும், சொல்லுங்கள். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது பழைய கணக்கு. பங்குனி, சித்திரையில் ஆறு காய்ந்துதான் கிடக்கும், பையன்கள் மணலில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள், யாரும் அழுவதில்லை. வயிறு எரிவது வேறு சமயத்தில். ஆற்றில் தண்ணீர் ஓடும், கடைமடை வாய்க்காலில் ஒரு சாண் ஏறாது, நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும், வரப்பில் நின்று வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை எடுத்திருந்தால் குழலே வேண்டியிருக்காது.

சங்கப் பாட்டுக்கு வருகிறேன். குறுந்தொகை 25, கபிலர். காதலன் சொல் பொய்த்தால் நான் என்ன செய்வேன், அவன் என்னோடு கூடிய அன்று அங்கே யாருமில்லை, ஒரு குருகு (கொக்கு மாதிரிப் பறவை) மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. அது தினைத்தாள் மாதிரிக் காலோடு, ஓடுகிற நீரில் ஆரல் மீன் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. (மதகோரம் மடையான் கொக்கு நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, பக்கத்தில் பைக் போனாலும் அசையாது.) இவள் கதையெல்லாம் அதற்கு எதற்கு, அதற்கு மீன் வேண்டும். அது தன்பாட்டுக்கு நிற்பதால்தான் அவள் தனியாகிவிட்டது நமக்கு உறைக்கிறது. நம் இயக்குநர் கையில் கிடைத்திருந்தால் குருகின் கண்ணில் ஒரு சொட்டு நீர் வைத்திருப்பார்.

முத்தத்துக்குப் பதிலாக இரண்டு பூவை உரசவிட்டார்களே, அந்தக் காலத்துக்காரர்களையாவது சென்சாரைச் சொல்லி மன்னிக்கலாம். இவருக்கு என்ன கட்டாயம்?

அப்புறம், இன்னொன்று. பத்திரம் பதிந்த மறுநாள் விடிகாலையில் அந்த அப்பா பழக்கத்தில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிடுகிறார். கொஞ்சம் நிற்கிறார். திரும்பிப் போய் அதை மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாத்துகிறார், சரியாக நிற்கிறதா என்று ஒருமுறை தொட்டும் பார்க்கிறார். உங்களுக்குக் கண் கலங்கியது அங்கேதான் இருக்கும். ஆறு அதற்கடுத்த ஷாட்.