கல்லூரி மாணவராகத் தாய்லாந்து மொழியும் பண்பாடும் படிப்பது எப்படி இருக்கும்? தமிழ் தெரிந்தவர்களுக்கு அது எளிதா?

"தாய் மொழி படிக்கப் போறேன்" என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "அதைத்தானேடா பொறந்ததுலேருந்து பேசிட்டு இருக்க, அதுக்கு எதுக்குப் பாஸ்போர்ட்டு?" என்றார். அந்தக் குழப்பம் இங்கேயும் வர வேண்டாம் என்பதால் பதில் முழுக்கத் 'தாய்லாந்து மொழி' என்றே எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரன். வரலாறு இளங்கலை முடித்துவிட்டு, தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் நகரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மொழியும் பண்பாடும் படித்தேன். தமிழருக்கு எளிதா என்று கேட்டால், பாதி எளிது. ஆனால் 'இது நமக்குத் தெரிந்ததுதானே' என்று நினைத்த இடங்களில்தான் நான் அதிகமாக விழுந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த நீளமான பதில்.

முதல் நாளே கோழியும் முட்டையும் வந்து நின்றன. அவர்களுடைய மெய்யெழுத்து ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு பொருளின் பெயர் உண்டு. முதல் எழுத்துக்குக் கோழி, இரண்டாம் எழுத்துக்கு முட்டை. நான் நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன்: கோழி என்றால் கை, முட்டை என்றாலும் கை. ஆசிரியை சொன்னபோது காதில் ஏதோ வித்தியாசம் பட்டது, எழுதியபோது அது போய்விட்டது. முட்டைக்கு வரும் க, இந்தியில் இரண்டாவதாக வரும் க போல மூச்சுக் காற்றோடு வெளியே வர வேண்டும். மற்றபடி இரண்டு சொல்லுக்கும் தொனிகூட (குரலின் ஏற்ற இறக்கம், அது மாறினால் சொல்லின் பொருளே மாறிவிடும்) ஒன்றுதான். அன்று மதியம் விடுதி வாசலில் சோற்றுக் கடை வைத்திருந்த பெரியம்மாவிடம் முட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டேன். ஒரு தட்டு நிறையக் கோழிக்கறி வந்தது. பசியில் சாப்பிட்டுவிட்டேன். ஆனால் தமிழில் குறிப்பெடுக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். நம் ஒரு ப-வுக்குள் அவர்களுடைய மூன்று ஒலிகள் ஒளிந்திருக்கின்றன. ஆங்கில எழுத்தை நம்பினாலும் இதே கதிதான், அரசு முறைப்படியான ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் தொனியும் தெரியாது, குறில் நெடிலும் தெரியாது.

குறில் நெடில் என்றதும் சொல்ல வேண்டும், நமக்குக் கை கொடுப்பது அதுதான். 'கவ்' என்று குறுக்கினால் அவன் அல்லது அவள். அதே தொனியில் 'காவ்' என்று நீட்டினால் வெள்ளை. எங்கள் வகுப்பில் இருந்த ஜெர்மன் மாணவிக்கு இது பிடிபட இரண்டு மாதம் ஆனது, நமக்கு அது பள்ளிக்கூடம் போகும் முன்பே வந்துவிடுகிறது. எழுத்திலும் அப்படித்தான். எ, ஏ, ஐ ஒலிகளுக்கான குறி மெய்க்கு முன்னால் வந்து நிற்பதைப் பார்த்து மற்றவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். கெ, கே, கை எழுதிப் பழகிய எனக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பல்லவர் எழுத்து கடல் கடந்து போய் கம்போடியாவின் கெமர் எழுத்தாகி, அதிலிருந்து பிறந்ததுதான் தாய்லாந்து எழுத்து. சுகோதாய் மன்னர் ராம்காம்ஹேங் பெயரில் உள்ள, 1292 என்று ஆண்டு குறித்த கல்வெட்டைத்தான் அவர்கள் பாடநூல்கள் முதல் சான்றாகக் காட்டுகின்றன.

ஆனால் எழுத்து தெரிந்துவிட்டால் வாசித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். 44 மெய்யெழுத்து. அவற்றில் இரண்டு வழக்கொழிந்தவை, அட்டவணையில் மட்டும் உட்கார்ந்திருக்கின்றன. மீதியை உயர், நடு, தாழ் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். தொனிக்குறிகள் நான்கு, ஏக், தோ, த்ரீ, சத்தவா என்று எண்ணுப் பெயராகவே இருக்கும். அட, சுலபம் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 'புதிய' என்பதற்கு மை, 'இல்லை' என்பதற்கும் மை. இரண்டின் தலையிலும் இருப்பது அதே ஏக் குறிதான். ஆனால் எழுத்தின் வகுப்பு வேறு என்பதால் முதலாவது தாழ்ந்து ஒலிக்கும், இரண்டாவது மேலிருந்து கீழே சரியும். இந்த மை-யை வைத்தே ஒரு நாப்பயிற்சி உண்டு: "மை மை மை மை மை?" புது விறகு தீப்பிடிக்காது, அப்படித்தானே? ஐந்து சொல், நான்கு தொனி. சொற்களுக்கு நடுவே இடைவெளி விடும் வழக்கமும் கிடையாது.

தொனி தப்பினால் என்ன ஆகும் என்பதை என் கால்கள் நன்றாக அறியும். 'அருகில்' என்பதற்கு க்லை, 'தூரம்' என்பதற்கும் க்லை. முன்னது சரியும், பின்னது சமமாகப் போகும். ஒரு மார்ச் மாத மதியம், காடும் வயலும் கொளுத்தும் புகை ஊரையே மூடியிருந்த நேரம். பழைய நகரத்தின் மேற்கு வாசலில் நின்று, வாட் உமோங் என்ற சுரங்கக் கோவில் பக்கமா தூரமா என்று ஒரு பழக்கடை அம்மாவிடம் கேட்டேன். "க்லை" என்றார். பக்கம் என்று எடுத்துக்கொண்டு நடந்தேன். ஒரு மணி நேரம். வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும் அந்த ஊர்ச் சிவப்பு வண்டிகள் நாலைந்து ஹாரன் அடித்துக் கூப்பிட்டன. பக்கத்தில்தானே என்று கையசைத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்தது சொற்கள். சமஸ்கிருதமும் பாலியும் நிறையக் கலந்த மொழி, அதனால் நமக்கு ஊகிக்க வரும். குரு அங்கே க்ரு. பல்கலைக்கழகம் மஹாவித்தயாலை. ரதம் 'ரொத்' ஆகி இன்றைக்குக் காரையும் பஸ்ஸையும் குறிக்கிறது, ரயிலுக்கு 'நெருப்பு ரதம்' என்று பெயர். டிவிக்கு அவர்கள் சொல்லும் சொல்லைப் பிரித்தால் தூரதர்ஷன் என்று வருகிறது, எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் படம் ஞாபகம் வந்துவிட்டது. சொல்லின் கடைசியில் வரும் ர, ல எல்லாம் அவர்கள் வாயில் ன் ஆகிவிடும் என்ற சூத்திரம் பிடிபட்டதும் பாதிப் பூட்டு திறந்துகொண்டது. நகர் 'நகோன்', ஆகாரம் 'ஆஹான்', வரம் 'போன்'.

மாதப் பெயர்களை நான் ஒரே மாலையில் மனப்பாடம் செய்ததும் இப்படித்தான். ஏப்ரல் மேஸாயோன், ஜூன் மிதுனாயோன், ஆகஸ்ட் சிங்ஹாகோம், செப்டம்பர் கன்யாயோன், மார்ச் மீனாகோம். பன்னிரண்டும் ராசிகள். இதில் ஒரு நல்ல ஏற்பாடு, கோம் என்று முடிந்தால் 31 நாள், யோன் என்று முடிந்தால் 30, பிப்ரவரிக்கு மட்டும் தனி முடிவு. விரல் முட்டியை எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

இந்தத் தலைக்கனம் ஒருநாள் மொத்தமாக இறங்கியது. சொந்த ஊரைப் பற்றி வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கடவுளுக்கு என்ன சொல் என்று ஞாபகம் வரவில்லை. சமஸ்கிருதம்தானே, சாமி என்றே போடுவோம் என்று நினைத்து, "நான் வெள்ளிக்கிழமைதோறும் சாமி கும்பிடப் போவேன்" என்றேன். ஆசிரியை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்கள் மொழியில் 'சாமி' என்றால் கணவன். (ஆசிரியையைப் பார்த்தே பேசப் பழகியதால், வாக்கியத்தின் கடைசியில் பெண்கள் மரியாதைக்குச் சேர்க்கும் 'கா'வையும் இரண்டு வாரம் சேர்த்துக்கொண்டு திரிந்தேன். ஆண்கள் 'க்ரப்' என்று முடிக்க வேண்டும். நம் 'ங்க' மாதிரிதான், ஆனால் பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும்.)

உறவுமுறை வைத்து அழைப்பதில் நமக்குப் பயிற்சியே தேவையில்லை. கடைக்காரர், பக்கத்து அறைக்காரர், சீனியர் எல்லாரும் யாருக்காவது அக்காவோ தம்பியோதான். பெற்றோரைவிட மூத்த பெண் என்றால் 'பா', மூத்த ஆண் 'லுங்'. தம்பி, தங்கைக்கு 'நோங்'. அண்ணன், அக்காவுக்கு... தமிழில் எழுதினால் 'பீ' என்றுதான் வரும், சிரிக்காதீர்கள். முதல் வாரம் எனக்கு அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. அறிமுகமான இரண்டாவது நிமிடத்தில் வயதைக் கேட்பார்கள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டாமா?

கைகூப்பும் 'வை' நம் வணக்கம்தானே என்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். விடுதிப் பொறுப்பாளரின் எட்டு வயது மகளையும் கும்பிட்டபோது அவள் அம்மா பதறிப்போய்த் தடுத்தார். சிறியவர்தான் முதலில் கும்பிட வேண்டும். பெரியவர் முந்திக்கொண்டால் சிறியவருக்கு ஆயுசு குறையும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் பாட்டியும் காலில் விழுவதைப் பற்றி இதையேதான் சொல்லுவார். தெரிந்த விஷயத்தில்தான் தப்பு செய்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

பண்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த நாள் 'வை க்ரு', ஆசிரியரை வணங்கும் நாள். வழக்கமாக ஒரு வியாழக்கிழமை வைப்பார்கள், அவர்களுக்கும் அது குருவின் கிழமைதான். வெள்ளைச் சட்டைச் சீருடையில் மாணவர்கள் முழங்காலிலேயே நகர்ந்து போய்த் தட்டை ஆசிரியர் முன் வைக்கிறார்கள். தட்டில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். அருகம்புல், இட்லிப்பூ, கத்தரிப்பூ, நெற்பொரி. அருகு எப்படிப் படர்கிறதோ அப்படி அறிவு படர வேண்டும், இட்லிப்பூ மொட்டின் ஊசி முனை போலப் புத்தி கூர்மையாக வேண்டும், கத்தரிப்பூ தலைகுனிந்து பூப்பது போலப் பணிவு வேண்டும் என்று பக்கத்திலிருந்த சீனியர் விளக்கினார். இந்த நான்கும் எங்கள் தெரு முக்கில் கிடைக்கும். ஆனால் கத்தரிப்பூவை இப்படி ஒரு கண்ணோடு நான் பார்த்ததே இல்லை.

தமிழ்த் தொடர்பு என்று தேடினால் பேங்காக்கில் கிடைக்கும். 1784-ல் கட்டப்பட்ட பிராமணர் கோவிலும் அதன் எதிரே பிரம்மாண்டமான சிவப்பு மர ஊஞ்சல் சட்டமும் இருக்கின்றன. அங்கே மார்கழியை ஒட்டி நடக்கும் சடங்கின் பெயரே திருவெம்பாவை, திருப்பாவை இரண்டிலிருந்தும் வந்ததுதான். ஊஞ்சலாட்டம் மட்டும் 1935-ல் நின்றுபோனது. சீலோம் சாலை மாரியம்மன் கோவிலில் தமிழரைவிடத் தாய்லாந்துக்காரர்கள் கூட்டம் அதிகம்.

நடைமுறை விஷயங்கள் சில. படிப்பு விசா வாங்கிப் போனாலும் 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும், மறந்தால் அபராதம். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டுக்குக்கூட எதுவும் பேசாதீர்கள், சட்டப்பிரிவு 112-ல் 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. சியாங் மாய்க்குப் போவதாக இருந்தால், வகுப்பில் கற்பது ஒன்று, சந்தையில் கேட்பது இன்னொன்று. வடக்கத்திப் பேச்சில் 'இல்லை'க்கு மை வராது, 'போ' என்பார்கள். 'ருசி'க்கு அரோய் போய் 'லம்' வரும். வேலைக்காக மட்டும் படிப்பதாக இருந்தால் கூடவே வேறொரு படிப்பும் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது சுற்றுலாத் துறையில் இருக்கிறேன், மொழி உதவுகிறது, ஆனால் அது மட்டுமே சோறு போடவில்லை.

சோறு என்றதும் அந்தப் பெரியம்மாதான் நினைவுக்கு வருகிறார். ஓராண்டு முடிந்து ஊருக்குக் கிளம்பிய நாள்வரை, நான் முட்டை என்று எவ்வளவு காற்று விட்டுக் கேட்டாலும், ஒரு முட்டையைக் கையில் தூக்கிக் காட்டி நான் தலையாட்டிய பிறகுதான் உடைத்து ஊற்றுவார்.