யூடியூபர்களின் வரிச் சந்தேகங்கள்: வாசகர் கேள்வி-பதில்

வீடியோ, ரீல்ஸ், பாட்காஸ்ட் என்று இணையத்தில் சொந்தமாகச் சம்பாதிப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பதில்களில் வரும் பிரிவு எண்கள் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் உள்ளவை. 2025-26 நிதியாண்டுக் கணக்குக்கு அவைதான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்குக்குப் புதிய சட்டம், புதிய எண்கள்.

ரிவியூ செய்யச் சொல்லி ஒரு நிறுவனம் 45,000 ரூபாய் போன் அனுப்பியது. பணம் எதுவும் தரவில்லை. போனை நானே வைத்துக்கொண்டேன். கையில் காசே வராததற்கும் வரியா?

ஆமாம், வரி உண்டு. தொழில் தொடர்பாகக் கிடைக்கும் பொருளும் சட்டத்தின் பார்வையில் வருமானம்தான். 2022 ஜூலை 1 முதல் 194ஆர் என்ற பிரிவு நடைமுறையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் உங்களுக்குத் தரும் பொருட்கள், சலுகைகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், அதில் 10 சதவீதம் டிடிஎஸ் (தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) கட்டப்பட்டாக வேண்டும். உங்கள் போனுக்கு 4,500 ரூபாய். பொருளில் பிடித்துக்கொள்ள வழியில்லை என்பதால், சில நிறுவனங்கள் அந்தத் தொகையை உங்களையே கட்டச் சொல்லி, கட்டியதற்கான சலான் (ரசீது) கேட்கும். சில தாங்களே கட்டிவிடும். எது என்பதைப் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிவியூ முடிந்ததும் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் அது உங்கள் வருமானம் ஆகாது. இதை நேரடி வரிகள் வாரியம் 2022-லேயே சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் திருப்பி அனுப்பியதற்கு அத்தாட்சி வேண்டும். கூரியர் ரசீது, "பெற்றுக்கொண்டோம்" என்று நிறுவனம் அனுப்பும் ஒரு வரி மெயில், இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

வைத்துக்கொண்டால் 45,000 ரூபாயை வருமானத்தில் காட்டுங்கள். அப்புறம் அதே போனில்தான் வீடியோ எடுக்கிறீர்கள் என்றால், அந்த 45,000 ரூபாயையே வாங்கிய விலையாக வைத்து ஆண்டுதோறும் தேய்மானம் (பொருள் பழசாவதால் குறையும் மதிப்பு) கழிக்கலாம். பலரும் வருமானத்தில் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. 20,000 ரூபாய் என்பது டிடிஎஸ் பிடிப்பதற்கான எல்லை மட்டுமே. 8,000 ரூபாய்க்குக் கிரீமும் ஷாம்பூவும் வந்தால் டிடிஎஸ் இருக்காது, ஆனால் வருமானம் வருமானம்தான்.

வீட்டில் ஓர் அறையில்தான் படப்பிடிப்பு, எடிட்டிங் எல்லாம். நவம்பரில் 90,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். வாடகை, மின்சாரம், இன்டர்நெட், லேப்டாப் இவற்றில் எவ்வளவு கழிக்கலாம்?

தொழிலுக்குப் பயன்படும் பங்கை மட்டும் கழிக்கலாம். அந்தப் பங்கை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். வாடகைக்கு, வீட்டின் மொத்தச் சதுர அடியில் அந்த அறை எவ்வளவு என்று பார்ப்பது நல்ல வழி. 800 சதுர அடி வீட்டில் 120 சதுர அடி அறை என்றால் 15 சதவீதம். அந்த அறையிலேயே இரவில் பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்றால் அதிலும் குறைத்துக்கொள்வதுதான் நியாயம். வாடகையை வங்கி வழியாகக் கொடுங்கள், ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

லேப்டாப் விஷயம் வேறு. அது பல ஆண்டு உழைக்கும் சொத்து, அதனால் முழு விலையையும் ஒரே ஆண்டில் செலவாக எழுத முடியாது. கணினிக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 40 சதவீதம். நீங்கள் நவம்பரில் வாங்கியதால் மார்ச் 31-க்குள் 180 நாள் பயன்பாடு ஆகவில்லை. எனவே முதல் ஆண்டில் பாதிதான், அதாவது 20 சதவீதம். 90,000-க்கு அது 18,000 ரூபாய். லேப்டாப்பில் 70 சதவீதம் தொழில், மீதி வீட்டு உபயோகம் என்றால் 12,600 ரூபாயைக் கழிக்கலாம். இதே லேப்டாப்பை செப்டம்பரில் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் 25,200 ரூபாய் கிடைத்திருக்கும். எப்படியும் வாங்கப்போகிற பொருள் என்றால் செப்டம்பர் இறுதிக்குள் வாங்கிவிடுங்கள். வரிக்காக மட்டும் பொருள் வாங்காதீர்கள். மிச்சமாகும் வரியைவிடச் செலவாகும் பணம் எப்போதும் அதிகம்.

கேமரா, விளக்கு, மைக் ஆகியவற்றுக்கு 15 சதவீதம், மேஜை நாற்காலிக்கு 10. எடிட்டிங் மென்பொருள் மாதச் சந்தா, ஸ்டாக் இசைக் கட்டணம் போன்றவை அந்தந்த ஆண்டின் செலவாகவே போய்விடும்.

ஃபேஷன் சேனல் நடத்துகிறேன். துணி, மேக்கப், பார்லர் செலவெல்லாம் தொழில் செலவுதானே?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 37(1) பிரிவின்படி செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காகவே ஆகியிருக்க வேண்டும், சொந்தச் செலவாக இருக்கக் கூடாது. ஒரு வீடியோவுக்காக வாடகைக்கு எடுத்த லெஹங்கா, படப்பிடிப்பு நாளில் மேக்கப் கலைஞருக்குக் கொடுத்த கூலி, ஒப்பிட்டுக் காட்ட வாங்கிய ஐந்து லிப்ஸ்டிக்குகள், இவற்றில் பிரச்சினை இல்லை. வீடியோவில் ஒருமுறை காட்டிவிட்டு அப்புறம் கல்யாணத்துக்கும் கட்டிக்கொண்டு போகும் பட்டுப் புடவையை நான் கழிக்கச் சொல்ல மாட்டேன். பில்லின் மேல் வீடியோவின் தலைப்பையும் வெளியிட்ட தேதியையும் எழுதி வைப்பது நல்ல பழக்கம். அப்படி எழுத எதுவும் இல்லாத பில் என்றால் அது சொந்தச் செலவு.

பயணத்துக்கும் இதே அளவுகோல்தான். குடும்பத்தோடு போன பயணத்தில் இரண்டு வீடியோ எடுத்தால் படப்பிடிப்புக்கான செலவை மட்டும் பிரித்து எடுங்கள். குடும்பத்தின் டிக்கெட் அதில் சேராது.

ஒரு நண்பர் 44ஏடிஏ போட்டால் பாதி வருமானத்துக்குத்தான் வரி, பில்லே வேண்டாம் என்கிறார். உண்மையா?

44ஏடிஏ-வில் மொத்த வரவில் குறைந்தது 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டினால் போதும் என்பது உண்மை. ஆனால் அது டாக்டர், வழக்கறிஞர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், சினிமாக் கலைஞர் என்று குறிப்பிடப்பட்ட தொழில்களுக்கு மட்டும். யூடியூபர் என்று அந்தப் பட்டியலில் இல்லை. 2025-26 மதிப்பீட்டு ஆண்டில் (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டுதான் மதிப்பீட்டு ஆண்டு) சமூக ஊடக இன்ஃப்ளூயன்சர்களுக்கு 16021 என்று தனிக் குறியீடு வந்திருக்கிறது. குறியீடு வந்ததாலேயே பட்டியல் நீண்டுவிடாது.

தொழில் வியாபாரமாகக் கருதப்பட்டால் 44ஏடி இருக்கிறது. வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்கத்தில் 8 சதவீதத்தையும் வருமானமாகக் காட்டினால் போதும். ஆனால் கமிஷன் வருமானத்துக்கு அது கிடையாது. லிங்க் போட்டு அஃபிலியேட் கமிஷன் வாங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 44ஏடி-யில் நுழைந்துவிட்டு ஐந்து ஆண்டுக்குள் வெளியே வந்தால், அடுத்த ஐந்து ஆண்டுக்குத் திரும்ப நுழையவும் முடியாது. என் கருத்து: விளம்பரம், ஸ்பான்சர், கமிஷன் என்று வரவு கலந்து இருப்பவர்கள் உண்மைச் செலவைக் கழித்து, ஐடிஆர்-3 என்ற வரிக் கணக்குப் படிவம் போடுவதே நிம்மதி.

புதிய வரி முறையில் எந்தக் கழிவும் இல்லையாமே. செலவையும் கழிக்க முடியாதா?

தாராளமாகக் கழிக்கலாம். புதிய முறையில் போவது 80சி போன்ற சேமிப்புக் கழிவுகள். தொழில் செலவும் சாதாரணத் தேய்மானமும் இரண்டு முறையிலும் உண்டு. 2025-26 நிதியாண்டில் புதிய முறையில் நிகர வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், 87ஏ தள்ளுபடியால் வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கான 75,000 ரூபாய் நிலைக்கழிவு மட்டும் உங்களுக்குக் கிடையாது.

யூடியூப் என் பணத்தில் அமெரிக்க வரி என்று பிடிக்கிறது. இங்கேயும் வரி கட்டுகிறேன். இரண்டு தடவையா?

அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பங்குக்கு மட்டும் 2021 ஜூன் முதல் பிடிக்கிறார்கள். யூடியூப் பணத்தைத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் கணக்கில் வரி விவரப் படிவம் கொடுத்து, இந்திய-அமெரிக்க ஒப்பந்தத்தைக் குறிப்பிட்டிருந்தால் 15 சதவீதம். படிவமே கொடுக்காவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வந்த மொத்தத்தில் 24 சதவீதம் வரை போகலாம். இன்னும் கொடுக்காதவர்கள் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

பிடித்ததைத் திரும்பக் கழிக்க வழி உண்டு. ஆண்டு வரவு 5 லட்சம், அமெரிக்கப் பங்கு 60,000, பிடித்தது 9,000 என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 4,91,000 அல்ல, முழு 5 லட்சத்தையும் வரவாகக் காட்ட வேண்டும். பிறகு படிவம் 67 கொடுத்து அந்த 9,000-ஐ இந்திய வரியில் கழிக்கலாம். ஆனால் இந்தியாவில் உங்களுக்கு வரியே வரவில்லை என்றால் அந்த 9,000 திரும்பக் கிடைக்காது.

ஜிஎஸ்டி எப்போது எடுக்க வேண்டும்?

சேவைக்கு ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது. சில சிறப்புப் பிரிவு மாநிலங்களில் 10 லட்சம். வெளிநாட்டுப் பணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்று அதைச் சேர்க்காமல் எண்ணுகிறார்கள். அது தவறு. ஆட்சென்ஸ் பணத்தையும் சேர்த்துத்தான் 20 லட்சம். பதிவு எடுத்த பிறகு, இந்திய நிறுவனங்களுக்குப் போடும் இன்வாய்ஸில் 18 சதவீதம் சேருங்கள். வெளிநாட்டு நிறுவனம் அந்நியச் செலாவணியில் தருவது ஏற்றுமதி. ஆண்டுதோறும் எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால் அதற்கு வரி கட்டாமலே இன்வாய்ஸ் போடலாம்.

முன்கூட்டியே வரி கட்ட வேண்டுமா?

டிடிஎஸ் போக ஆண்டு வரி 10,000 ரூபாயோ அதற்கு மேலோ வந்தால் கட்ட வேண்டும். ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஸ்பான்சர் பணம் வரும் அன்றே ஒரு பகுதியை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

எடிட்டிங் முழுக்க என் மனைவிதான் செய்கிறார். அவருக்குச் சம்பளம் கொடுத்துச் செலவாகக் காட்டலாமா?

காட்டலாம், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வெளியாளுக்குக் கொடுப்பதைவிட அதிகமாகக் கொடுத்தால், அந்த அதிகப்படியை வரி அதிகாரி 40ஏ(2) பிரிவின்படி செலவாக ஏற்காமல் தள்ளிவிடலாம். அவருடைய வருமானத்தை உங்கள் வருமானத்தோடு சேர்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு. அந்த வேலைக்கான தொழில்நுட்பத் தகுதி அவருக்கு இருந்து, அதற்காகத்தான் சம்பளம் என்றால் சேர்க்க மாட்டார்கள். எடிட்டிங் படித்த சான்றிதழ், முன்பு செய்த வேலை, ஒவ்வொரு வீடியோவுக்கும் அவர் போடும் இன்வாய்ஸ் இவையெல்லாம் துணை நிற்கும். பணம் அவருடைய கணக்குக்கே போகட்டும்.

யாருக்குக் கொடுத்தாலும் ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் செலவு கழியாது. பில், இன்வாய்ஸ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஆறு ஆண்டுகள் வரை வைத்திருங்கள். கடை பில்லின் மை சீக்கிரம் அழிந்துவிடும், வாங்கிய அன்றே போட்டோ எடுத்துச் சேமித்துவிடுங்கள்.