94 எடுத்த பிள்ளை யூனியில் 70 எடுத்தால்

தங்கச்சி, வவுனியாவிலிருந்து வந்து கொஞ்சக் காலத்துக்குள் மகனை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் வரைக்கும் கொண்டுவந்துவிட்டீர்கள். அதற்கு முதலில் என் வாழ்த்து. கிரேட் 12-இல் 94 சராசரி எடுத்த பிள்ளை "யூனிக்குப் போனால் 65-க்கு விழுந்துவிடுவான்" என்று சாமத்தியவீட்டில் யாரோ சொன்னதிலிருந்து உங்களுக்கு நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அது உண்மையா, இந்தக் கோடையில் டியூஷனுக்கு விட வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

நான் படித்தது அதே வளாகத்தில். இப்போது இங்கே ஹைஸ்கூலில் கணிதம் படிப்பிக்கிறேன். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்றபடியால் நேராகவே சொல்கிறேன்: புள்ளி குறையும். அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் குறையும். ஆனால் அந்த 94-உம் இனி வரப்போகிற 74-உம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. இதை நீங்கள் இப்போதே விளங்கிக்கொண்டால் ஒக்டோபரில் வீட்டில் சண்டை வராது.

ஊரில், இலங்கையில், ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) என்றால் நாடு முழுக்க ஒரே வினாத்தாள். விடைத்தாளை யார் திருத்தினார் என்றே தெரியாது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையின் 75-உம் மாத்தறைப் பிள்ளையின் 75-உம் ஒன்றுதான். இங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் கிரேட் 12-க்கு அப்படியொரு பொதுப் பரீட்சை கிடையாது. படிப்பிக்கிற ஆசிரியரே வினாத்தாள் போட்டு, அவரே திருத்தி, அவரே புள்ளி போடுகிறார். யூனிவர்சிட்டிகள் அந்தப் புள்ளிகளில் சிறந்த ஆறு பாடங்களை எடுத்துப் பார்க்கின்றன.

அந்தப் புள்ளியை நாங்கள் எப்படிப் போடுகிறோம் என்பதையும் சொல்லவேண்டும். 2010-இல் வந்த மாகாண மதிப்பீட்டுக் கொள்கைப்படி 70 வீதம் தவணை வேலைகளுக்கு, 30 வீதம் இறுதி மதிப்பீட்டுக்கு. தவணைப் புள்ளிகளை வெறுமனே கூட்டிப் பிரிக்காமல், பிள்ளை தொடர்ந்து காட்டுகிற தரத்தை, அதிலும் அண்மைக்கால வேலையை, கூடுதலாகக் கவனிக்கச் சொல்கிறது அந்தக் கொள்கை. செப்டெம்பரில் 60 எடுத்த பிள்ளை டிசம்பரில் விஷயத்தைப் பிடித்துவிட்டதென்றால் அந்த 60-ஐ நான் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. ஒப்படை பிந்தினால் உடனே புள்ளி வெட்டாமல், முதலில் பிள்ளையோடும் பெற்றோரோடும் கதைத்து வேறு வழி பார்ப்போம். பதினேழு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல முறை என்றுதான் நான் நம்புகிறேன். இதே கொள்கையில் மாகாணத் தரம் என்று எழுதியிருப்பது 70 முதல் 79 வரை. யூனிவர்சிட்டி அனுமதிப் போட்டிதான் எல்லாரையும் 90-க்கு மேலே தள்ளிவிட்டது.

மகன் போகப்போகிற இடத்தில் இந்த மெத்தை எதுவும் இல்லை. முதல் வருடக் கல்குலஸ் பாடமொன்றில் ஒரு மிட்டேர்மும் (தவணை நடுப் பரீட்சை) இறுதிப் பரீட்சையும் சேர்ந்தே மொத்தப் புள்ளியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். மிட்டேர்மில் பிழைத்ததைத் திருப்பி எழுதலாமா என்று கேட்க முடியாது. கேள்வியின் சாயலும் மாறும். நான் வகுப்பில் ஒரு சார்பைத் தந்து அதன் உயர்வு, இழிவுப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். ஏ.எல். இணைந்த கணிதம் செய்தவர்களுக்கும் இது பழகின கேள்விதான். யூனியில் கேட்பது இப்படி: "ஒரு வளையியின் படித்திறன் (சாய்வு) ஓரிடத்தில் பூச்சியம் என்றால் அங்கே உயர்வோ இழிவோ கட்டாயம் இருக்குமா? காரணம் காட்டு."

இல்லை என்பது சரியான விடை. ஆனால் "இல்லை" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் கிடைக்காது. எக்ஸின் மூன்றாம் அடுக்கை எடுத்து, பூச்சியத்தில் அதன் படித்திறன் பூச்சியம், ஆனாலும் வளையி இடமிருந்து வலமாக, பூச்சியத்துக்கு முன்னும் பின்னும் ஏறிக்கொண்டே போகிறது என்று நிறுவிக் காட்டவேண்டும். 94 எடுத்த பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். கணக்கு செய்யத் தெரியும். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று எழுதிப் பழக்கமில்லை. இதற்கும் பிள்ளையின் மூளைக்கும் சம்பந்தம் இல்லை. பழக்கம் வர ஒரு தவணை போகும்.

இந்த இறக்கம் யூனிவர்சிட்டிகளுக்கும் நன்றாகத் தெரியும். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதல் வருடத்தில் எவ்வளவு இறங்குகிறார்கள் என்று கணக்கு வைத்து, அனுமதியின்போது அதைச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறது. 2018-இல் அந்தப் பட்டியல் செய்தியில் வெளிவந்தபோது ஒன்ராறியோப் பிள்ளைகளின் சராசரி இறக்கம் ஏறக்குறைய 16 புள்ளி என்று தெரியவந்தது. சாமத்தியவீட்டில் சொன்னவர் முழுப் பொய் சொல்லவில்லை. பயத்தை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார்.

இன்னொரு கதையும் உங்கள் காதுக்கு வரும்: "இத்தனை பேரைப் பெயிலாக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளை." அப்படி எதுவும் இல்லை. இத்தனை பேருக்கு இந்தப் புள்ளி என்று முன்கூட்டியே பங்கு பிரிப்பதை ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மதிப்பீட்டு விதியே தடுக்கிறது. தயவுசெய்து இதை மகனிடம் சொல்லிப் பயப்படுத்தாதீர்கள். "எப்படிப் படித்தாலும் வெட்டுவார்கள்" என்று நம்பிவிட்ட பிள்ளை படிப்பதை விட்டுவிடும்.

புள்ளியை வாசிக்கும் விதத்தையும் மாற்றவேண்டும். அவர்களின் கல்விப் பதிவுத்தாளில் பிள்ளையின் புள்ளிக்குப் பக்கத்திலேயே அந்தப் பாடத்தின் வகுப்புச் சராசரியும் எழுத்தாக வரும். மகனுக்கு 71, வகுப்புச் சராசரி சி பிளஸ் என்றால், அதாவது 67 முதல் 69 வரை என்றால், அவன் வகுப்புச் சராசரிக்கு மேலே நிற்கிறான். ஜிபிஏ-வும், அதாவது புள்ளிகளை 4.0 அளவுக்கு மாற்றிப் போடுகிற சராசரியும், வேறு மாதிரி. 85-க்கு மேலே எதை எடுத்தாலும் 4.0 தான், 98-க்கும் அதேதான். 77 எடுத்தால் 3.3, 73 எடுத்தால் 3.0, 63 எடுத்தால் 2.0. ஸ்காபரோ வளாகத்தில் மொத்த ஜிபிஏ 1.60-க்குக் கீழே போனால்தான் எச்சரிக்கை நிலையில் வைப்பார்கள். 70-இல் நிற்கிற பிள்ளைக்கு அந்த எல்லை தூரம். ஆனால் 50 பாஸ் என்று அசட்டையாக இருக்கவும் கூடாது. அடுத்த பாடத்துக்கோ விரும்பின துறைக்கோ போக 60-க்கு மேலே கேட்கிற இடங்கள் இருக்கின்றன. நுழைவு உதவித்தொகை கிடைத்திருந்தால், அது தொடர என்ன ஜிபிஏ வேண்டும் என்று அந்தக் கடிதத்தை ஒருமுறை வாசியுங்கள்.

உண்மையான ஆபத்து எது என்று கேட்டால், பிள்ளை புள்ளியை ஒளிப்பதுதான். யூனியில் பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு இல்லை. நீங்கள் போன் எடுத்துக் கேட்டாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் ஒரு சொல்லும் சொல்லாது. மகன் வாய் திறந்து சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும். முதல் மிட்டேர்மில் 58 வந்ததற்கு "மாமாவின் மகள் மெடிசின் செய்கிறாள், உனக்கு என்ன" என்று ஒருதரம் ஏசிவிட்டால் அடுத்த புள்ளி உங்கள் வீட்டுக்கு வராது. அப்படிப் பேசாமல் இருந்து, பாடத்தை விடுகிற கடைசித் திகதியும் தாண்டி, ஏப்ரலில் மூன்று பாடம் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகள். இப்போதும் நினைத்தால் மனம் நோகிறது.

அந்தத் திகதி முக்கியம். முதல் தவணைப் பாடமொன்றை நவம்பர் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் வரைக்கும் ஜிபிஏ-வுக்குச் சேதமில்லாமல் விடலாம். இரண்டாம் தவணைக்கு அது மார்ச்சில் வரும். ஐந்து பாடம் எடுத்த பிள்ளை இரண்டை விட்டாலும் 60 வீதம் மிஞ்சும், ஓசாப் (மாகாண மாணவர் நிதி உதவி) அதை முழுநேரப் படிப்பாகத்தான் கணக்கெடுக்கும். அதற்குக் கீழே இறங்கினால் அந்த முழுநேரக் கணக்கு போய்விடும். ஒரு பாடத்தை விடுவது தோல்வி இல்லை என்று நீங்களே முதலில் சொல்லிவையுங்கள்.

டியூஷன் விஷயம். ஸ்காபரோவில் தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது, ஆனால் பழைய வினாத்தாளைத் திருப்பித் திருப்பிச் செய்விக்கிற இடத்துக்கு இந்தக் கோடையில் காசு கட்டாதீர்கள். மகனுக்குத் தேவையான பழக்கம் அங்கே வராது. கிரேட் 12 கணிதக் கொப்பியை எடுத்து, ஒவ்வொரு கணக்குக்கும் கீழே ஏன் இந்தப் படி என்று இரண்டு வரி எழுதட்டும், அது போதும். செப்டெம்பரில் வளாகத்திலேயே மூத்த மாணவர்கள் நடத்துகிற கூட்டுப் படிப்பு வகுப்புகள் தொடங்கும். இலவசம். முதல் கிழமையிலிருந்தே போகச் சொல்லுங்கள். பேராசிரியர்கள் அலுவலகத்தில் இருக்கிற நேரமும் பாடத்திட்டத்தில் போட்டிருக்கும். எங்கள் பிள்ளைகள் மரியாதைக் கூச்சத்தில் அந்தக் கதவைத் தட்டுவதில்லை. பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் குவெர்க்கஸ் என்கிற பாட இணையதளத்தில் வந்தவுடன் அதை அச்செடுத்துப் பரீட்சைத் திகதிகளை நாட்காட்டியில் குறித்து ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், பாடம் விடுகிற கடைசி நாளையும் சேர்த்து.