தம்முக்கு பதிலா கேம் ஆடலாமா?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளில ஐடி வேலை. ஒரு நாளைக்கு பத்து தம். டீக்கடைக்கு போனாலே கை தானா நீளுது. மொபைல்ல கேம் ஆடினா சிகரெட்டை விட்டுடலாம்னு ஃப்ரெண்டு சொல்றான், கலாய்க்கிறானா சார்?

பதில்: இல்ல தம்பி, பாதி உண்மைதான். தம் அடிக்கணும்ங்கற அந்த வெறி இருக்கே, அது பெரும்பாலும் அஞ்சு நிமிஷத்துல தானா அடங்கிடும், அந்த நேரத்தை எப்படி ஓட்டுறதுங்கறதுதான் பிரச்சனையே. 2014ல இங்கிலாந்துல பிளைமவுத் யுனிவர்சிட்டில டெட்ரிஸ்ங்கற, மேலேர்ந்து விழுற கட்டைகளை அடுக்குற கேமை மூணே நிமிஷம் ஆட விட்டு பார்த்தாங்க, ஆசை குறைஞ்சுது. ஏன்னா சிகரெட்டை நினைக்கும்போது மனசுல அந்த புகை, அந்த டீ கிளாஸ்னு ஒரு படம் ஓடும்ல, கட்டைகளை திருப்பி திருப்பி அடுக்கும்போது அந்த படத்துக்கு இடமே இருக்காது. அதனால கண்ணுக்கு வேலை வைக்கிற கேமா எடுங்க, காசு கட்டி ஆடுற ரம்மி பக்கம் போயிடாதீங்க, ஒண்ணை விட்டு இன்னொண்ணுல மாட்டிப்பீங்க.

ஆனா ஒண்ணு, சிகரெட்டுக்கு அடிமையாக்குற அந்த நிக்கோட்டினை கேம் உடம்புலேர்ந்து எடுக்காது. காலைல எழுந்து அரை மணிக்குள்ள முதல் தம்முனா நிக்கோட்டின் சூயிங் கம் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. 1800 112 356 அரசோட இலவச நம்பர், கூப்பிட்டா கவுன்சிலிங் தருவாங்க. உங்க ஊர்லயே நிம்ஹான்ஸ்ங்கற மனநல ஆஸ்பத்திரியும் இருக்கு. அப்புறம் அந்த டீயை கொஞ்ச நாளைக்கு ஆபீஸ் பேன்ட்ரிலயே குடிங்களேன்.