பழைய விஷயங்கள் நமக்கு ஞாபகம் இருக்கிற மாதிரியேதான் நடந்தனவா?

கேள்வி: வீட்டில் நடந்த சாதாரண விஷயங்களைக்கூட ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அன்றாட நினைவுகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

என்ன நடந்தது என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். எப்போது நடந்தது, கூட யார் இருந்தார்கள் என்பதை விசாரித்த பிறகு நம்புவது நல்லது.

இதைத் தன் மேலேயே சோதித்துப் பார்த்தவர் நெதர்லாந்து உளவியலாளர் வில்லெம் வாகெனார். ஆறு வருடம் விடாமல் தன் வாழ்க்கையில் நடந்ததைக் குறித்து வைத்தார். யார், என்ன, எங்கே, எப்போது என்று நான்கு தகவல்கள், கூடவே அந்த நிகழ்வுக்கே உரிய ஒரு சின்ன விவரம். மொத்தம் சுமார் 2,400 நிகழ்வுகள். பிறகு ஒரே ஒரு தகவலை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். 1986-இல் முடிவுகளை வெளியிட்டார். 'என்ன' என்ற தகவல்தான் அதிகம் கைகொடுத்தது. தேதியை மட்டும் வைத்துக்கொண்டு அவரால் ஏறக்குறைய எதையுமே மீட்க முடியவில்லை. இன்னொன்றும் சொல்கிறார், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்: அடியோடு மறந்துபோனதாக நினைத்த சில நிகழ்வுகளைப் பற்றி, அப்போது கூட இருந்தவர்கள் கூடுதலாக ஏதாவது சொன்னதும் ஞாபகம் திரும்ப வந்திருக்கிறது.

எங்கள் பெரியம்மா அடுக்களைச் சுவரில் மாட்டிய காலண்டரில்தான் எல்லாம் எழுதுவார். பால் வராத நாள், சிலிண்டர் புக் பண்ணிய நாள், வேலைக்கார அம்மா லீவு, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அதுவும். வருடம் முடிந்தாலும் தூக்கிப் போட மாட்டார், சுருட்டி டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். தாத்தாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது நடந்தது என்று ஒரு முறை பேச்சு வந்தது. சுனாமி வந்த வருஷம் என்று பெரியம்மாவே அடித்துச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் 2006 ஆவணியில், அவர் கையெழுத்திலேயே, "அப்பா கண் ஆபரேஷன், வலது. சிலிண்டர் வந்தது" என்று இருந்தது. வலது கண் என்பதும், வீட்டுக்கு வந்ததும் தாத்தா முதலில் பேப்பர் கேட்டதும் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஞாபகம் இருந்தது. வருடம் மட்டும் நழுவிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது தான்தான் என்று இரண்டு மாமாக்களும் சொன்னார்கள். பெரிய மாமா காட்டுவதற்கு அழைத்துப் போயிருக்கிறார், சின்ன மாமா ஆபரேஷனுக்கு. இரண்டு தடவை போனது எல்லோர் மனதிலும் ஒரே தடவையாகிவிட்டது.

ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடப்பவை இப்படித்தான் ஒன்றோடொன்று கலந்துவிடும். அமெரிக்க உளவியலாளர் மாரிகோல்ட் லிண்டன் 1972-இல் தொடங்கி, தினமும் குறைந்தது இரண்டு நிகழ்வுகளைச் சீட்டில் எழுதி, மாதாமாதம் தன்னையே சோதித்துக்கொண்டார். வெளியூரில் அடிக்கடி நடக்கும் ஒரு குழுக் கூட்டத்துக்கு அவர் போய்வருவார். முதல் தடவை போனது தனியாக நின்றது. அப்புறம் போனதெல்லாம் சேர்ந்து 'கூட்டம் என்றால் இப்படி இருக்கும்' என்கிற பொதுப் படமாகிவிட்டன.

இதையெல்லாம் வைத்து "ஞாபகமே கற்பனைதான்" என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. டொராண்டோவில் உள்ள பேக்ரெஸ்ட் மருத்துவமனையில் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று செய்தார்கள். அங்கே வைத்திருக்கும் ஓவியங்கள், கலைப்பொருட்களை ஒலிப்பதிவு வழிகாட்ட, ஆட்களைச் சுற்றிப் பார்க்க வைத்து, இரண்டு நாள் கழித்து நினைவில் இருப்பதைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னது கொஞ்சம்தான், ஆனால் சொன்னதில் 90 சதவீதத்துக்கு மேல் சரி. நினைவை ஆராய்பவர்களிடமே முன்கூட்டிக் கேட்டபோது, 40 சதவீதம் சரியாக இருந்தால் பெரிது என்கிற அளவில்தான் ஊகித்திருந்தார்கள். நாளாக ஆக விவரங்கள் உதிர்கின்றன. மிச்சம் இருப்பது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கிறது.

ஆனால் ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்து எடை போடாதீர்கள். 2001 செப்டம்பர் 12 அன்று, அதாவது இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு மறுநாள், தலாரிகோ, ரூபின் என்ற இருவர் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் 54 பேரிடம் இரண்டு நினைவுகளைப் பதிவு செய்தார்கள். தாக்குதல் செய்தியைக் கேட்ட கணம் ஒன்று, அதற்குச் சற்று முந்தைய நாட்களில் நடந்த சாதாரண நிகழ்வு ஒன்று. பிறகு கேட்டபோது இரண்டும் ஒரே அளவில்தான் மாறிப்போயிருந்தன. தாக்குதல் நினைவு மட்டும் கண் முன்னால் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று மாணவர்கள் உறுதியாக நம்பினார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய கதைகளைக் கேட்டு எழுத நினைத்தால், முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதே எல்லோருடைய ஞாபகமாகிவிடும். அவரவர் சொன்னதை எழுதிய பிறகு சேர்த்து உட்கார வையுங்கள், ஒருவர் பேச இன்னொருவருக்குப் புதிதாக வந்து விழும். "மாமா இருந்தாரா?" என்று எடுத்துக் கொடுக்காமல் "யாரெல்லாம் இருந்தாங்க?" என்று கேளுங்கள். வருடம் வேண்டுமென்றால், எம்.ஜி.ஆர். இறந்ததற்கு முன்னாலா பின்னாலா, அப்போது அக்கா எந்த வகுப்பு, இந்த வீட்டுக்கு வந்தாச்சா என்று பல பக்கமிருந்து நெருக்குங்கள். பெரிய நிகழ்வு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால், பெரியம்மாவுக்கு ஆனது போல அந்தப் பக்கமே சாய்ந்துவிடும். பழைய காலண்டர், ரேஷன் கார்டு, மொய் நோட்டு எது இருந்தாலும் எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள், முதலிலேயே காட்டிவிட வேண்டாம்.