லைப்ரரி ஃபங்ஷன் ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் புது ப்ராஜெக்ட் தொடங்க வேண்டுமா?

வேண்டியதே இல்லை. ஒரு வரியைச் சோதிக்க ஃபோல்டர், கான்ஃபிக் ஃபைல் என்று கல்யாணப் பந்தல் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் கருவியான டெனோவை நிறுவிவிட்டு, டெர்மினலில் அதன் பெயரை மட்டும் தட்டுங்கள். ஒரு வரி தட்டினால் உடனே விடை காட்டும் ரெப்பிள் திறக்கும், டைப்ஸ்கிரிப்டும் (மதிப்புகளின் வகையை, அதாவது டைப்பை, குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்) அதில் நேராக ஓடும். இம்போர்ட் வரியில் லைப்ரரியின் பெயருக்கு முன்னால் என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் கிடங்கு) என்றும் ஒரு முக்காற்புள்ளியும் சேர்த்தால் அதுவே இறக்கிக்கொள்ளும். மறுமுறை கேஷிலிருந்து, அதாவது நம் கணினியில் சேமித்த பிரதியிலிருந்து, எடுத்துக்கொள்ளும். ஐப்பசி மழையில் நெட் போய்விடும் எங்கள் கும்பகோணம் பக்கம் இது பெரிய உதவி.

நான் எழுதும் பயிர்க்கால ஆப்பிலிருந்தே ஓர் உதாரணம். மேட்டூர் அணையின் வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12 அன்றே விதைத்ததாக வைத்துக்கொள்வோம் (கடைமடைக்குத் தண்ணீர் வர இன்னும் நாளாகும், கணக்குக்காகத்தான்). 110 நாள் ரகமான ஆடுதுறை 43 எப்போது அறுவடைக்கு வரும்? தேதிக் கணக்குக்கான டேட்-எஃப்என்எஸ் லைப்ரரியில் நாள் கூட்டித் தரும் ஆட்-டேஸ் ஃபங்ஷனிடம் 2025, 5, 12 என்ற தேதியையும் 110 என்ற எண்ணையும் கொடுத்துக் கேட்கலாம். ஜாவாஸ்கிரிப்டில் மாதம் பூஜ்யத்தில் தொடங்குவதால் ஜூனுக்கு 5. விடை செப்டம்பர் 30 ஆக வேண்டும். ரெப்பிளோ செப்டம்பர் 29, மாலை 18:30 என்று காட்டும். லைப்ரரி மேல் குற்றமில்லை. ரெப்பிள் நம் நள்ளிரவை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் காட்டுகிறது. நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதே தேதியை 2025-06-12 என்று ஸ்ட்ரிங்காக (மேற்கோள் குறிக்குள் எழுத்தாக) கொடுத்தாலோ, அது யுடிசி நள்ளிரவு, அதாவது நமக்குக் காலை 5:30. ஆவணத்தை எத்தனை முறை படித்தாலும் இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது.

ஏற்கெனவே ப்ராஜெக்ட் இருந்தால் அந்த ஃபோல்டரிலேயே, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் இன்னொரு கருவியான நோடின் ரெப்பிள் போதும். வழக்கமான இம்போர்ட் வரியை அது ஏற்காது. முன்னால் அவெய்ட் போட்டு, இம்போர்ட்டை ஃபங்ஷன் போல அழைக்க வேண்டும். டைப்ஸ்கிரிப்ட் அங்கே எடுபடாது.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. டெனோ ரெப்பிள் டைப்பை நீக்கிவிட்டு ஓட்டுமே தவிர, சரிபார்க்காது. 110-ஐ எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காகக் கொடுத்துப் பாருங்கள்: டேட்-எஃப்என்எஸ் நான்காம் பதிப்பில் அது 12-உடன் ஒட்டி 12110 ஆகி, அறுவடை 2058-க்குப் போய்விடும்! படிவத்திலிருந்து வரும் மதிப்புகள் எல்லாம் ஸ்ட்ரிங்தான். அந்த மாதிரிச் சோதனைக்கு, நோடில் டைப்ஸ்கிரிப்டைச் சரிபார்த்து ஓட்டும் டிஎஸ்-நோட் ரெப்பிளைத் திறங்கள். தொடங்கச் சற்று நேரமெடுக்கும், ஆனால் அந்த வரியை ஓட்டவே மறுத்துவிடும்.