‘ஏன் அங்கே?’: பள்ளிப் புவியியல் கேள்வி-பதில்

உயர்நிலைப் பள்ளியில் புவியியல் படிக்கும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோர், ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். அட்லஸைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆறுகள், மலைகள், பாலைவனங்கள் என்று ஏகப்பட்ட பெயர்கள். எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் தேர்வு அறையில் மறந்துவிடுகிறது. மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா? – ஒன்பதாம் வகுப்பு மாணவி

பட்டியலாகப் படித்தால் மறக்கத்தான் செய்யும். பெயரோடு ஒரு காரணமும் சேர்ந்தால்தான் அது மனதில் ஒட்டும். பாலைவனங்களையே எடுத்துக்கொள்வோம். அட்டகாமா, நமீப், சஹாரா, ஆஸ்திரேலியப் பாலைவனங்கள் ஆகிய நான்கையும் அட்லஸில் விரல் வைத்துத் தேடுங்கள். வடக்கிலோ தெற்கிலோ, எல்லாமே 20 முதல் 30 டிகிரி அட்சரேகைகளை ஒட்டியே கிடக்கும். நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலே போகும் காற்று, அங்கேயே மழையைக் கொட்டிவிட்டு, இந்த அட்சரேகைகளுக்கு வந்து கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று வெப்பமடைவதால் அதில் மேகம் திரள்வது அரிது.

அப்புறம் கடற்கரையைப் பாருங்கள். அட்டகாமாவை ஒட்டி ஹம்போல்ட் நீரோட்டம், நமீபை ஒட்டிப் பெங்குவேலா, சஹாராவின் மேற்கு ஓரத்தில் கானரி. மூன்றுமே குளிர் நீரோட்டங்கள். குளிர்ந்த கடல்நீரின் மேல் இருக்கும் காற்று எளிதில் மேலெழாது. மூடுபனி வரும், மழை வராது. அட்டகாமாவுக்குக் கிழக்கே ஆண்டீஸ் மலைத்தொடர் வேறு ஈரக்காற்றை மறித்து நிற்கிறது. பாருங்கள், எட்டுப் பெயர்கள் ஒரே விளக்கத்துக்குள் வந்துவிட்டன.

இப்போது கோபி பாலைவனத்தைத் தேடுங்கள். அது 40 டிகிரி வடக்கைத் தாண்டியும் பரவியிருக்கிறது. அருகில் கடலே இல்லை. அப்படியானால் அங்கே ஏன் பாலைவனம்? கடலிலிருந்து வெகுதொலைவு ஒரு காரணம், தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றை இமயமலையும் திபெத் பீடபூமியும் தடுப்பது இன்னொரு காரணம். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்தது இதுதான்: ஒரு விதியைக் கண்டுபிடித்தவுடன், அதற்கு அடங்காத இடத்தைத் தேடிப் போவது.

இதோடு ஒரு பயிற்சியும் செய்யுங்கள். புத்தகத்தை மூடிவிட்டு, வெற்றுத்தாளில் ஒரு கண்டத்தின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையுங்கள். கோணலாக வந்தாலும் பரவாயில்லை. பிறகு அட்லஸோடு ஒப்பிட்டு, தவறுகளை வேறு நிறத்தில் திருத்துங்கள். சில நாள் கழித்து மறுபடி வரையுங்கள். பத்து முறை வாசிப்பதைவிட இரண்டு முறை இப்படி வரைவது அதிகம் நிற்கும்.

நிலத்தோற்ற வரைபடத்தில் சம உயரக் கோடுகளைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. எது மலை, எது பள்ளத்தாக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – பத்தாம் வகுப்பு மாணவர்

முதலில் ஒரு சோதனை. ஒழுங்கற்ற கல் ஒன்றை ஒரு பாத்திரத்தில் வையுங்கள். ஒரு செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நீர்மட்டம் கல்லைத் தொடும் இடத்தில் சுற்றிலும் சாக்கட்டியால் கோடு போடுங்கள். இப்படியே ஒவ்வொரு செ.மீ.க்கும் நீரை உயர்த்திக் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். கடைசியில் கல்லை எடுத்து, நேர் மேலிருந்து பாருங்கள். நீங்கள் பார்ப்பதுதான் சம உயரக் கோட்டுப் படம். கல் செங்குத்தாக இருக்கும் பக்கத்தில் கோடுகள் நெருங்கியிருக்கும், சரிவு குறைவான பக்கத்தில் விலகியிருக்கும்.

வரைபடத்துக்கு வந்தால், எண்களைப் படிக்காமல் வடிவத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கோடுகள் ‘வி’ போல வளைந்து, அதன் கூர்முனை உயரமான எண்ணை நோக்கியிருந்தால் அது பள்ளத்தாக்கு. ஆறு ஓடினால் அதன் வழியாகத்தான் ஓடும். கூர்முனை தாழ்ந்த எண்ணை நோக்கியிருந்தால் அது மலையிலிருந்து நீண்டு இறங்கும் முகடு. ஆகவே முதலில் நீல நிற ஆற்றைக் கண்டுபிடியுங்கள், அடுத்து மிக உயர்ந்த எண்ணை. இந்த இரண்டும் கிடைத்துவிட்டால் மற்றவை தானாக இடத்தில் அமரும்.

குறுக்குவெட்டுப் படம் வரையும்போது செங்குத்து அளவை பெரிதாக எடுத்துக்கொள்வோம். அதனால் சாதாரணக் குன்றுகூடப் பெருமலை போலத் தெரியும். எத்தனை மடங்கு பெரிதாக்கினீர்கள் என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள்.

வரைபடங்களில் பெரிய அளவை, சிறிய அளவை: எது எது என்று எப்போதும் மாறிப்போகிறது.

பின்னமாக நினையுங்கள். 50,000-இல் ஒன்று என்பது 10,00,000-இல் ஒன்றைவிடப் பெரிய பின்னம். எனவே 1:50,000 தான் பெரிய அளவை. அதில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. சிறு பகுதியை விரிவாகக் காட்டுவது பெரிய அளவைப் படம். உலகம் முழுவதையும் ஒரு பக்கத்தில் அடக்குவது சிறிய அளவைப் படம்.

சூரியனுக்கு அருகில் பூமி வரும்போது கோடை, விலகும்போது குளிர்காலம் என்கிறான் என் மகன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எப்படிப் புரிய வைப்பது? – ஒரு தாய்

அவன் சொல்வது தர்க்கமாகவே இருக்கிறது, அதனால் வெறுமனே ‘தவறு’ என்று சொல்லி நிறுத்தாதீர்கள். இரண்டு உண்மைகளை அவன் முன் வைத்து அவனையே யோசிக்கவிடுங்கள். ஒன்று, பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில். அப்போது தூரம் சுமார் 14.7 கோடி கி.மீ. ஜூலையில் அது சுமார் 15.2 கோடி கி.மீ. ஆகிறது. ஜனவரியில் ஐரோப்பாவில் குளிர்காலம். இரண்டு, அதே ஜனவரியில் ஆஸ்திரேலியாவில் கோடை. தூரம்தான் காரணம் என்றால் இரு பக்கமும் ஒரே பருவமாக அல்லவா இருக்க வேண்டும்?

அப்புறம் அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைத் தாளின் மேல் நேராக அடியுங்கள். ஒளிவட்டம் சிறிதாக, பளிச்சென்று இருக்கும். தாளைச் சாய்த்தால் அதே ஒளி பரந்து மங்கும். பூமியின் அச்சு சுமார் 23½ டிகிரி சாய்ந்து, ஆண்டு முழுவதும் ஒரே திசையை நோக்கியபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் ஒரு அரைக்கோளத்தில் சில மாதங்களுக்கு ஒளி செங்குத்துக்கு நெருக்கமாக விழுகிறது, பகலும் நீள்கிறது. ‘அச்சு சாய்ந்திருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். ஒளி விழும் கோணம், பகலின் நீளம் இரண்டையும் அவன் சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கம் எழுதினாலும் பாதி மதிப்பெண்தான் வருகிறது. எங்கே தவறுகிறேன்? – பத்தாம் வகுப்பு மாணவி

உங்கள் விடைத்தாளைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடிக்கடி நடப்பது ஒன்று உண்டு: ‘விளக்குக’ என்று கேட்டதற்கு ‘விவரிக்கும்’ விடையை எழுதுவது. விவரிப்பது என்றால் என்ன நடந்தது என்று சொல்வது. விளக்குவது என்றால் ஒன்று இன்னொன்றுக்கு எப்படிக் காரணமானது என்று காட்டுவது. மத்திய ஆசியாவில் ‘கடல்’ என்று அழைக்கப்படும் பெரிய உப்பு ஏரியான ஆரல் கடல் வற்றியதைப் பற்றிக் கேட்டால், ‘கடல் சுருங்கியது, மீன்கள் அழிந்தன, மக்கள் துன்பப்பட்டார்கள்’ என்று எழுதுவது விவரணை.

விளக்கம் இப்படிப் போகும். ஆரலுக்கு நீர் தந்தவை அமு தாரியா, சிர் தாரியா என்ற இரு ஆறுகள். 1960-களிலிருந்து சோவியத் அரசு அவற்றின் நீரைப் பருத்தி முதலான பயிர்களின் பாசனத்துக்குப் பெருமளவில் திருப்பியது. அதனால் கடலுக்கு வரும் நீர் குறைந்தது. ஆவியாதலோ நிற்கவில்லை. நீர் போய் உப்பு தங்கியதால் உப்புத்தன்மை ஏறியது. அதைத் தாங்காமல் மீன்கள் மடிந்தன, மீன்பிடித் தொழிலும் படுத்தது. துறைமுகமாக இருந்த மொய்னாக் நகரம் கரையிலிருந்து வெகுதூரம் விலகிப்போனது. வறண்ட கடற்படுகையின் உப்புத்தூசியைக் காற்று அள்ளிச் சென்று வயல்களில் கொட்டியது. ஒவ்வொரு வாக்கியமும் முந்தையதைப் பிடித்துக்கொண்டு வருகிறது அல்லவா?

‘மதிப்பிடுக’ என்று கேட்டால் இன்னும் ஒரு படி ஏற வேண்டும். 2005-இல் கஜகஸ்தான் கோக்-ஆரல் அணையைக் கட்டி முடித்தபின், வடக்குப் பகுதியில் நீர்மட்டம் உயர்ந்து மீன்களும் திரும்பின. தெற்குப் பகுதிக்கு அந்த மீட்சி கிடைக்கவில்லை. ஆக, தீர்வு யாருக்கு உதவியது, யாருக்கு உதவவில்லை என்று எடைபோட்டு உங்கள் முடிவை எழுதுங்கள். இப்படி இரண்டு மூன்று இடங்களை ஆழமாகத் தெரிந்துகொள்வது, இருபது இடங்களை மேலோட்டமாகத் தெரிந்துகொள்வதைவிடப் பயன்படும்.

கைப்பேசியிலேயே உலக வரைபடம் இருக்கும்போது இதையெல்லாம் ஏன் படிக்க வேண்டும்? – எட்டாம் வகுப்பு மாணவர்

நல்ல கேள்வி. அதே உலக வரைபடத்தில் கிரீன்லாந்தையும் ஆப்பிரிக்காவையும் பாருங்கள். பல தட்டையான உலகப் படங்களில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. 1569-இல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக உருவாக்கிய முறையில், துருவத்தை நெருங்க நெருங்க நிலம் பெரிதாகிக்கொண்டே போகும். திசைக்கு உதவும், பரப்பளவுக்கு உதவாது. எந்தப் படத்தை எதற்கு நம்பலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு.

இன்னொன்று. 1854-இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, மருத்துவர் ஜான் ஸ்நோ இறப்புகளை வீடு வீடாகத் தெருப்படத்தில் குறித்தார். அவை பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. ஆனால் பக்கத்திலேயே இருந்த பீர் ஆலையில் யாரும் சாகவில்லை. அங்கே தனிக் கிணறு இருந்தது, தொழிலாளர்கள் பீரும் குடித்தார்கள். நோய் தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்ற அவருடைய வாதத்துக்கு இந்த விலக்கும் வலு சேர்த்தது. வழிகாட்டும் செயலி உங்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போகும். அங்கே ஏன் இத்தனை சாவு என்று கேட்க வேண்டியது நீங்கள்தான்.

மாணவர்களைத் தொலைவுக்கு அழைத்துப்போக வசதியில்லை. பள்ளி வளாகத்திலேயே கள ஆய்வு செய்ய முடியுமா? – ஓர் ஆசிரியர்

தாராளமாக. சிமெண்ட் தரை, புல்தரை, மரநிழல் மூன்றிலும் ஒரே உயரத்தில், ஒரே நேரத்தில் வெப்பநிலையை எடுக்கச் சொல்லுங்கள். எங்கே அதிகம் இருக்கும், ஏன் என்று அளக்கும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். அது இல்லாவிட்டால் வெறும் எண்கள்தான் மிஞ்சும். எதிர்பார்த்ததற்கு மாறாக அளவீடு வந்தால் அதை அழித்துத் திருத்த விடாதீர்கள். உண்மையான விவாதம் அதில்தான் இருக்கிறது.

கணக்கில் சுமார்தான். மேல்நிலையில் புவியியல் எடுக்கலாமா?

எடுக்கலாம். சராசரி, சதவீதம், வரைபடங்கள், கொஞ்சம் புள்ளியியல் தேவைப்படும். அவை பழக்கத்தில் வரும். நகரத் திட்டமிடல், நீர்வளம், பேரிடர் மேலாண்மை, செயற்கைக்கோள் படங்களைப் பகுப்பது எனப் பல துறைகளுக்கு இது வாசல். இப்போதே ருசி பார்க்க வேண்டுமானால், கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, ஒரு சின்ன வரைபடம் செய்து பாருங்கள்.

தென்மேற்குக் காற்று என்றால் தென்மேற்கிலிருந்து வருவதா, தென்மேற்கு நோக்கிப் போவதா?

வருவது. காற்றுக்குப் புறப்படும் திசையை வைத்துப் பெயர் சொல்கிறோம். கடல் நீரோட்டத்தின் திசையைச் சொல்லும்போது அது போகும் திசையைச் சொல்கிறோம். படத்தில் அம்புக்குறி போடும்போது இதை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.